பொங்கல் லீவில் நாசிக்: கொழும்பிலிருந்து வைன் சுவைக்கப் போகிறவர்களுக்கு

வைன் தோட்டம் என்றதும் பிரான்ஸ், இத்தாலி என்று கணக்குப் போட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். கட்டுநாயக்கவிலிருந்து மும்பைக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், அங்கிருந்து 170 கிலோமீற்றர் அளவில் நாசிக். வெள்ளவத்தைக் கூட்டாளிகள் ஐந்து பேர் போய் வந்தோம். சரியாகச் செய்ததையும் சொதப்பியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் திகதி. நாசிக்கில் அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அதனால் பொங்கல் லீவோடு இரண்டு மூன்று நாள் சேர்த்தால் கொடியில் குலை தொங்குவதைப் பார்க்கலாம். ஜூலையில் போனால் மழையும் பச்சை இலையும்தான். ஜனவரி 26 பக்கம் போகவே வேண்டாம், குடியரசு தினம், நம் போயாவைப் போல அன்றைக்கு மது விற்பனை இல்லை. சனி, ஞாயிறில் மும்பைக் கூட்டம் முழுவதும் அங்கேதான் நிற்கும், ஆகவே கிழமை நாட்களைப் பிடியுங்கள். இந்திய இ-விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் ஒருவராவது கடைசி நாள் வரை இழுத்தடிப்பார், அவருடையதை நீங்களே உட்கார்ந்து நிரப்பிவிடுவது நல்லது.

மும்பையிலிருந்து தாதரில் ரயில் ஏறி நாசிக் ரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். தோட்டங்களைச் சுற்ற மட்டும் சாரதியோடு ஒரு கார் முழு நாளுக்கும் பேசிக்கொள்ளுங்கள். தோட்டங்கள் ஊருக்கு வெளியே கங்காபூர் அணைப் பக்கம், இருட்டிய பிறகு ஓட்டோ கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், அவருக்கு அன்று முழுவதும் வெறும் திராட்சைச் சாறுதான் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். நாங்கள் ஆசைப்பட்டு மூன்று போனோம். என் போனில் முதல் இடத்தைப் பற்றி அரைப் பக்கம் குறிப்பு இருக்கிறது, மூன்றாவது இடத்துக்கு நான்கு வைனுக்கும் ஒரே குறிப்பு: "நல்லா இருக்கு." பெரிய இடம் பார்க்க வேண்டுமென்றால் சூலா. 2000இல் அவர்களுடைய முதல் வைன் வந்த பிறகுதான் நாசிக்குக்கு வைன் ஊர் என்ற பெயர் பரவியது. அதற்குக் கிட்டவே யோர்க் இருக்கிறது, சிறிய இடம், அணைத் தண்ணீரைப் பார்த்தபடி ஆறுதலாக உட்காரலாம். எனக்கு யோர்க்தான் பிடித்தது, கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்கிறார்கள்.

தோட்டத்துக்குள் கூட்டிப்போகும்போது செல்ஃபி எடுப்பதிலேயே நேரத்தைக் கழிக்காமல் ஒரு பழத்தை, கேட்டுவிட்டு, வாயில் போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலின் கீழ் ஓடித் திரிந்தவர்களுக்கு (எங்கள் அம்மம்மாவுக்குத் திராட்சை என்றால் விளங்காது, முந்திரிகைதான்) இது வேறு சாமான் என்று உடனே தெரியும். தலைக்கு மேலே பந்தல் இல்லை, இடுப்பளவில் கம்பியில் வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். பழம் சின்னது, தோல் தடிப்பு, விதை பல்லில் படும், இனிப்போ நாம் கடையில் வாங்குவதை விட அதிகம். அந்த இனிப்பைத்தான் ஈஸ்ட் தின்று மதுவாக்குகிறது. சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்து வருபவை, வெள்ளை வைனுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

சுவைக்கும் மேசையில் ஐந்தாறு வகை, ஒவ்வொன்றும் இரண்டு மிடறு அளவுதான் ஊற்றுவார்கள். நுரைக்கிறது முதலில், பிறகு வெள்ளை, பிறகு சிவப்பு, தித்திப்பானது கடைசியில். கிண்ணத்தைக் காம்பில் பிடியுங்கள், சுழற்றி மணந்துவிட்டு வாயில் சற்று வைத்திருங்கள். புளிப்பு என்றால் அம்பரெல்லா கடித்ததுபோல நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறும். துவர்ப்பு என்றால் சாயம் கூடிய பிளேன்டீ குடித்ததுபோல ஈறு இழுக்கும், தேயிலையில் இருக்கும் டானின் இதிலும் இருக்கிறது, ஆகவே நமக்கு இது புதுப் பாடம் இல்லை. மேசையில் இருக்கும் வாளி துப்புவதற்குத்தான், வெட்கப்படாமல் துப்பலாம். எங்களில் ஒருவன் அதைக் குப்பை வாளி என்று நினைத்து டிஷ்யூவைப் போட்டான்.

அன்று காலை சென்ட் அடிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவனுக்கும் வைன் மணக்காது. நாசிக் மிசல் பாவ் (காரமான பயறுக் குழம்பும் பாணும்) கட்டாயம் சாப்பிட வேண்டியதுதான், ஆனால் சுவைத்து முடித்த பிறகு, அந்தக் காரம் ஏறிய நாக்குக்கு எந்த வைனும் தண்ணீர்தான். வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், பாணோ இட்லியோ ஏதாவது உள்ளே இருக்கட்டும். குடிக்காத கூட்டாளி இருந்தால் அவரை வற்புறுத்த வேண்டாம், தோட்டம் பார்க்க அவரும் வரலாம், படங்களும் அவர் எடுத்தால்தான் நேராக வரும்.

போத்தல் வாங்குவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் கெட்டுப்போகும். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். அழுக்கு ஜீன்ஸின் காலுக்குள் ஒரு போத்தல், அதைச் சுற்றி துவாய், அப்புறம் பெட்டியின் நடுவில். நான் ஓரத்தில் வைத்தேன். கட்டுநாயக்கவில் பெல்ட்டில் வந்தபோதே பெட்டி மணந்தது, உள்ளே அம்மாவுக்கு வாங்கிய வெள்ளைச் சேலை ரோஸ் நிறம்.