புது மாடல் வந்த பிறகும் பழைய கேமரா கடையில் கிடைக்குமா? முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஒரு கேமராவைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்து, காசும் சேர்த்து வைத்திருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து அடுத்த மாடல் அறிவிப்பு வந்துவிடும். உடனே குழப்பம்: பழையது இனிமேல் கிடைக்குமா, கிடைத்தால் வாங்கலாமா?

பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் எந்த நிலையில் கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி இன்னமும் தயாரித்துக்கொண்டிருக்கும் பழைய மாடல் ஒரு வகை. தயாரிப்பை நிறுத்திவிட்டு கடைகளில் மிச்சம் கிடக்கும் சரக்கு இன்னொரு வகை. ஷோகேஸில் இரண்டும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். விலை பேசுவது, லென்ஸ் வாங்குவது, நாளைக்குப் பழுதானால் எங்கே போவது என எல்லாமே இது எந்த வகை என்பதைப் பொறுத்து மாறும்.

1. முதலில் முழுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்

“சோனி ஆர்எக்ஸ்100” என்று மட்டும் சொன்னால் போதாது. 2012-ல் வந்த முதல் மாடலுக்குத்தான் அந்தப் பெயர். அதற்கப்புறம் 2019 வரைக்கும் மார்க் 2, 3, 4, 5, 5ஏ, 6, 7 என்று வரிசையாக வந்தன. பல வருடங்கள் இவற்றில் நாலைந்து மாடல்கள் ஒரே நேரத்தில், புதிதாகவே, வேறு வேறு விலையில் விற்பனையில் இருந்தன. அதனால் பெட்டியிலும் கேமராவின் அடியிலும் அச்சடித்திருக்கும் மாடல் குறியீட்டைப் பாருங்கள். “டிஎஸ்சி-ஆர்எக்ஸ்100எம்5ஏ” என்று இருந்தால் மார்க் 5ஏ. கடைசி எழுத்து இல்லையென்றால் அது 2016-ல் வந்த மார்க் 5.

நாட்டுக்கு நாடு பெயர் மாறுவதையும் கவனியுங்கள். கேனான் 1500டி என்று நாம் வாங்குவதை ஐரோப்பாவில் 2000டி என்பார்கள், அமெரிக்காவில் ரெபெல் டி7. மூன்றும் 2018-ல் வந்த ஒரே 24 மெகாபிக்சல் கேமராதான். 2000டி-யை 1500டி-க்கு அடுத்த மாடல் என்று நினைத்து யாராவது கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

2. இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்

கம்பெனியின் இணையதளத்துக்குப் போய், இப்போதைய மாடல்கள் பட்டியலில் இருக்கிறதா, பழைய தயாரிப்புகள் பகுதிக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். நம் நாட்டுத் தளத்தோடு நிற்காமல் அதே கம்பெனியின் ஜப்பான் தளத்தையும் திறங்கள்; பிரவுசரே மொழிபெயர்த்துக் காட்டிவிடும். கேனான் ஜப்பான் தளத்தில், நிறுத்தப்பட்ட மாடல்களை எந்தத் தேதி வரைக்கும் பழுது பார்ப்பார்கள் என்ற பட்டியலே இருக்கிறது. பழைய சரக்கு வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பக்கம் கிடையாது.

கம்பெனிகள் ஏன் பழையதையும் விற்கின்றன? ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 2010-ல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. செல்போன் வந்து சின்னக் கேமரா வியாபாரத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. முன்பு மாதிரி வருடா வருடம் புது மாடல் இறக்க முடியாது; இறக்கின மாடல் நாலைந்து வருடம் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். அதனால் புதியதை மேல் விலையில் வைத்துவிட்டு பழையதைக் கீழ் விலையில் வைத்து இரண்டு வகை ஆட்களுக்கும் விற்கிறார்கள். 2014-ல் வந்த சோனி ஏ6000, ஏ6300-உம் ஏ6500-உம் வந்த பிறகும் பல வருடங்கள் கடைகளில் ஓடியது இந்தக் கணக்கில்தான்.

இன்னொரு காரணமும் சமீபத்தில் சேர்ந்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் கேமராக்களில் யூஎஸ்பி-சி சார்ஜிங் கட்டாயம். மைக்ரோ யூஎஸ்பி வைத்த பழைய மாடல்களை அங்கே இனி புதிதாக இறக்க முடியாது, ஏற்கெனவே போன சரக்கை மட்டும் விற்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாடல் ஒன்று திடீரென்று காணாமல் போனால், யூஎஸ்பி துளையை ஒரு தடவை பாருங்கள்.

3. உண்மையில் என்ன மாறியது என்று தேடுங்கள்

எண் கூடினால் அதே கேமரா மேம்பட்டிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆர்எக்ஸ்100 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் 3 முதல் 5ஏ வரை 24-70 மிமீ லென்ஸ், அகலத் திறப்பு (லென்ஸ் ஒளியை உள்ளே விடும் அளவு; எஃப் எண் குறைந்தால் ஒளி அதிகம்) எஃப்1.8 முதல் 2.8 வரை. 2018-ல் வந்த மார்க் 6-ல் லென்ஸையே மாற்றி 24-200 மிமீ ஆக்கிவிட்டார்கள். தூரத்தில் இருப்பதை நன்றாக இழுக்கலாம், ஆனால் திறப்பு எஃப்2.8-ல்தான் ஆரம்பிக்கிறது. பழைய லென்ஸில் உள்ளேயே இருந்த, அதிக ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் போய்விட்டது. வீட்டுக்குள், மங்கலான கல்யாண மண்டபத்தில் படம் எடுப்பவருக்குப் பழையதுதான் பொருத்தம். சோனிக்கும் இது தெரிந்திருந்தது: மார்க் 6 வந்த அடுத்த மாதமே மார்க் 5-க்குப் புது பிராசஸர் போட்டு 5ஏ என்று விட்டார்கள்.

இப்படி நிறைய உண்டு. ஃபியூஜி எக்ஸ்-டி3-இல் ஹெட்போன் துளை இருக்கிறது, எக்ஸ்-டி4-இல் இல்லை. பேனசானிக் டிஇசட்95-க்குப் பதிலாக 2025-ல் வந்த டிஇசட்99-இல் யூஎஸ்பி-சி சேர்ந்தது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் போய்விட்டது. அதனால் இரண்டு மாடல்களின் விவரக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதியதில் கூடினது என்ன, குறைந்தது என்ன என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். விளம்பரத்தில் இரண்டாவது பத்தி வராது.

கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் மறக்காதீர்கள். 2018-ல் வந்த எக்ஸ்-டி3-க்கு, எக்ஸ்-டி4 வந்த பிறகு, 2020-ல் 4.00 பதிப்பு கொடுத்து அதன் ஆட்டோஃபோகஸை எக்ஸ்-டி4 அளவுக்கு ஏற்றினார்கள். ஒரு பழைய கேமரா வந்த புதிதில் எழுதப்பட்ட விமர்சனத்தை மட்டும் படித்து ஃபோகஸ் மந்தம் என்று ஒதுக்கிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

4. மவுன்ட், பேட்டரி, கார்டு

நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்லும் படி இது. பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, பழையதாக இருக்கலாம், தப்பில்லை. லென்ஸ் மாட்டும் வாயான மவுன்ட், கம்பெனி கைவிட்ட செத்த மவுன்டாக இருக்கக் கூடாது.

கேனான் எம்50 மார்க் 2, 2020-ல் வந்த நல்ல கேமரா. ஆனால் அதன் இஎஃப்-எம் மவுன்ட் வரிசையை 2023-ல் கேனான் முடித்துக்கொண்டது. சரி, லென்ஸை வாங்கி வைத்து நாளைக்குக் கேனானின் ஆர் வரிசை கேமராவில் மாட்டிக்கொள்ளலாம் என்றால் முடியாது. இஎஃப்-எம் லென்ஸ், படம் பதியும் சென்சாரிலிருந்து 18 மிமீ தூரத்தில் உட்கார வேண்டியது. ஆர் வரிசையின் ஆர்எஃப் மவுன்டில் அந்தத் தூரமே 20 மிமீ. நடுவில் அடாப்டர் வைக்க இடமே இல்லை. 1500டி-யின் கதை வேறு. அதுவும் பழைய டிஎஸ்எல்ஆர்தான் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா), ஆனால் அதன் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர் வரிசையில் அப்படியே வேலை செய்யும். அடுத்த கேமரா வாங்கும்போது லென்ஸில் போட்ட காசு கையில் நிற்கும்.

பேட்டரியையும் பாருங்கள். சோனி ஏ7 மார்க் 2-இல் பழைய சின்ன பேட்டரி, சிபா சோதனை முறைப்படி திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 350 படம். மார்க் 3-இல் புது வகை, சுமார் 710 படம். பழையதை வாங்கினால் கூடுதல் பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கார்டும் அப்படித்தான்: நிக்கான் இசட்6-இல் ஒரே துளை, அதுவும் எக்ஸ்க்யூடி வகை, ஃபர்ம்வேர் ஏற்றினால் சிஎஃப்எக்ஸ்பிரஸும் எடுக்கும். இரண்டுமே எஸ்டி கார்டைவிட விலை அதிகம். அடுத்து வந்த இசட்6 மார்க் 2-இல் இரண்டாவது துளையாக எஸ்டி கார்டுக்கு இடம் கொடுத்தார்கள்.

5. விலை

தயாரிப்பில் இருக்கும் பழைய மாடலுக்குக் கம்பெனியே விலையைக் குறைத்திருக்கும், பேரம் பேச இடம் குறைவு. மிச்ச சரக்கு என்றால் தைரியமாகக் கேளுங்கள். அதைத் தள்ளிவிடும் அவசரம் கடைக்காரருக்குத்தான், பாடியின் விலை குறையாவிட்டாலும் கார்டு, பை, கூடுதல் பேட்டரி என்று ஏதாவது சேர்த்துத் தருவார்.

எல்லாப் பழைய மாடலும் விலை இறங்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2020-ல் வந்த ஃபியூஜி எக்ஸ்100வி தட்டுப்பாட்டில் சிக்கி, பயன்படுத்தின கேமராவே புதியதன் விலையைத் தாண்டி விற்றது. தட்டுப்பாடு இருக்கும் மாடலாக இருந்தால், நியாயமான விலையில் கண்ணில் பட்டவுடன் வாங்கிவிடுவதுதான் சரி.

6. கடையில் பெட்டியைத் திறக்கும்போது

இந்தியாவில் இறக்குமதியாகும் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருடம் எல்லாம் இருக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அந்த மாதத்தைப் பார்த்தாலே சரக்கு எவ்வளவு நாளாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டிக்கரே இல்லை, விலை மட்டும் ஆச்சரியப்படும்படி குறைவு என்றால் அது கிரே மார்க்கெட் சரக்காக, அதாவது கம்பெனியின் அதிகாரப்பூர்வ வழியில் வராததாக இருக்கலாம். இந்திய வாரண்டியை எதிர்பார்க்காதீர்கள்.

பெட்டி, பாடி, வாரண்டி அட்டை மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். டிஸ்பிளேயில் வைத்திருந்ததைப் புதியது என்று கொடுப்பதும் நடக்கும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் என்றால் ஒரு படம் எடுத்து அந்த ஃபைலுக்குள் பதிவாகும் எக்ஸிஃப் தகவலைப் பார்த்தால், இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற ஷட்டர் எண்ணிக்கையே தெரியும். புதுக் கேமராவில் அது ஆயிரக்கணக்கில் இருக்க நியாயமில்லை.

அந்தச் சீரியல் எண்ணை வைத்து, கம்பெனி ஏதாவது சேவை அறிவிப்பு விட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். 2014-ல் வந்த நிக்கான் டி750-இல் படத்தில் விநோதமான ஒளிச்சிதறல் விழுகிறது என்ற பிரச்சினை வந்து, நிக்கான் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்யப்பட்ட கேமராவுக்கு அடையாளம், அடியில் டிரைபாட் மாட்டும் துளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. கேமராவைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

7. வீட்டுக்கு வந்ததும்

பேட்டரியை முதலில் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த லித்தியம் பேட்டரி சார்ஜே ஏறாமல் போகவும் வாய்ப்புண்டு, அப்படியென்றால் அன்றைக்கே கடைக்குப் போங்கள். தேதியும் நேரமும் அழிந்து அழிந்து போனால் பயப்படாதீர்கள்: பல கேமராக்களில் கடிகாரத்துக்கு உள்ளே தனியாகச் சின்ன பேட்டரி இருக்கும், சார்ஜ் ஏறின பெரிய பேட்டரியை இரண்டு நாள் கேமராவிலேயே விட்டுவைத்தால் அதுவும் ஏறிக்கொள்ளும்.

அப்புறம் மெனுவில் செட்டப் பகுதியில் ஃபர்ம்வேர் எண்ணைப் பார்த்து, கம்பெனி தளத்தில் அதைவிடப் புதியது இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். ஏற்றும் முறை மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலான கேமராக்களில் ஃபார்மேட் செய்த கார்டில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், ஃபைலை வைத்தால் போதும். சிலவற்றுக்குக் கம்ப்யூட்டரோடு கேபிள் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பேட்டரி முழுதாக இருக்கட்டும், நடுவில் அணைக்காதீர்கள். லென்ஸ் மூடியைப் போட்டபடியே சில வினாடி ஷட்டர் வேகத்தில் ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளி எந்தக் கேமராவிலும் வரும். வானத்து நட்சத்திரம் மாதிரி இறைந்து கிடந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.