தண்ணீர் வருமுன் ஏஜென்டைக் கூப்பிடுங்கள்

மார்ச் மாதக் கடைசியில் வரிச் சலுகைக்காக இன்சூரன்ஸ் ஏஜென்டைத் தேடி ஓடுகிறோம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அவரை நினைப்பவர்கள் குறைவு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 செ.மீ. இதையெல்லாம் பார்த்த பிறகும் பாலிசியைப் பிரித்துப் படிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

வெள்ளம் வடிந்த காலையில் பலரும் செய்யும் தவறு, நனைந்த காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள். பிஸ்டனால் காற்றை அமுக்க முடியும், நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் பிஸ்டனோடு சேர்ந்திருக்கும் இணைப்புத் தண்டு (கனெக்டிங் ராட்) வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு முழுக் காப்பீட்டில் இழப்பீடு உண்டு. ஆனால் நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டது என்று நிறுவனம் முடிவு செய்தால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு இல்லாதவருக்குப் பணம் கிடைப்பது கடினம். நின்ற இடத்திலேயே படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கோ தன் வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது. உங்களிடம் இருப்பது எது என்று ஏஜென்டிடம் இப்போதே கேளுங்கள்.

வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் ஏதோ இன்சூரன்ஸ் போட்டார்கள், அது போதும் என்று நினைப்பதும் ஆபத்து. பல நேரங்களில் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும். சுவருக்கும் கூரைக்கும் அதில் இடமே இருக்காது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை வழங்குகின்றன. புயலும் வெள்ளமும் அதன் அடிப்படைக் காப்பிலேயே அடங்கும். மனையின் விலையைச் சேர்த்துத் தொகை போட வேண்டாம். வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுதான் கணக்கு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

அடுத்தது, நம் வீட்டுப் பெண்களின் உழைப்போடு சம்பந்தப்பட்டது என்பதால் சொல்லவே மனம் கனக்கிறது. தண்ணீர் வடிந்ததும் மெத்தையைத் தெருவில் எறிந்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, பழைய இரும்புக்காரரிடம் பிரிட்ஜைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எதைப் பார்ப்பார்? சுவரில் தண்ணீர் நின்ற கறை, பிரிட்ஜின் வரிசை எண், நனைந்த சாமான்கள் எல்லாவற்றையும் முதலில் படமெடுங்கள். வெளியேற்றியே ஆக வேண்டியவை இருந்தால் நிறுவனத்திடம் சொல்லி ஒப்புதல் பெற்றுச் செய்யுங்கள்.

ஏஜென்ட் நல்லவராகவே இருக்கட்டும்; நிரப்பாத விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பதை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னாலும் எழுதுங்கள், ஏனென்றால் மறைத்ததன் பலன் உங்கள் குடும்பத்தின் தலையில்தான் விடியும். பிரீமியத்துக்கு நிறுவனத்தின் ரசீது வாங்குங்கள். கிளைம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவரல்ல, நிறுவனம். ஊரே தண்ணீரில் நிற்கும்போது அவர் போனும் அணைந்திருக்கலாம். அதனால் நிறுவனத்தின் உதவி எண், பாலிசி எண், மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கான 1077 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உயரமான இடத்தில் வையுங்கள். பத்திரங்களின் படங்கள் வெளியூர் உறவினர் ஒருவரிடமும் இருக்கட்டும். நாமினி பெயரையும் பாருங்கள்: மறைந்துவிட்ட தாயின் பெயரே இன்னும் இருக்கிறதா?

கிளைமை மறுத்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.