புயலுக்கு முன்னும் பின்னும்: பொழுதுபோக்குப் பூங்காவைக் காக்கும் முறை

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா என ஆந்திர எல்லையை ஒட்டிய நம் பகுதியில் ராட்டினமும் நீர்ச்சறுக்கும் வைத்துப் பூங்கா நடத்துவோர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலைத் துறையின் அறிவிப்பை நாள்தோறும் பார்க்க வேண்டும். புயலால் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு மஞ்சள் எச்சரிக்கையும், 24 மணி நேரம் முன்பு ஆரஞ்சு எச்சரிக்கையும் வெளியாகும். மஞ்சளிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஆரஞ்சு வரும்போது பார்வையாளர் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது. புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுகூட 2022இல் இயன் சூறாவளிக்கும் 2024இல் மில்டனுக்கும் முன்கூட்டியே அறிவித்து மூடப்பட்டது.

பதாகை, குடை, நாற்காலி, தகரம் ஆகியவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள். கழற்றக்கூடிய இருக்கைகளை ராட்டினத்திலிருந்து இறக்கி வையுங்கள். குளோரின் மூட்டைகளை மழைநீர் எட்டாத உயரத்தில் அடுக்குங்கள்.

நீச்சல் குளத்தை மட்டும் காலி செய்யாதீர்கள். பலரும் செய்யும் தவறு இதுதான். பழவேற்காடு ஏரியை ஒட்டிய தாழ்நிலத்தில் மழையால் நிலத்தடி நீர் மேலேறும்போது, வெற்றுத் தொட்டியின் அடித்தளத்தை அது கீழிருந்து தூக்கிப் பிளந்துவிடும். உள்ளே நிற்கும் நீரின் எடைதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

காவலுக்கு இருக்கும் ஊழியர்களைக் கான்கிரீட் கட்டடத்தில் தங்க வையுங்கள். புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். அதை நம்பி அவர்கள் வெளியே வந்தால், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வீசும் காற்றில் சிக்கிக்கொள்வார்கள்.

மறுநாள் மின்சாரத்தை உடனே இணைக்காதீர்கள். மோட்டார்களில் மின்கசிவு உள்ளதா என அறியும் மெக்கர் சோதனை செய்து, போல்ட்டுகளையும் பிரேக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகே குழந்தைகளை ஏற்றுங்கள்.