தயிர் உறையை காய வச்சு மாசக்கணக்கா வச்சிருக்கிறது எப்படி

ரெண்டு மாசம் வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போறவங்களுக்கு இருக்கிற கவலை, திரும்பி வந்தா உறைக்கு எங்க போறது. தயிரைக் காய வச்சு பொடியாக்கி வச்சுக்கிட்டா போதும், பாதிக்கு மேல செத்தாலும் மிச்சம் இருக்கிற பாக்டீரியா பால் பட்டதும் எழுந்துக்கும்.

ஆனா வெயில்ல மட்டும் காய வைக்காதீங்க. நான் முதல் தடவை மொட்டை மாடியில வடாம் பக்கத்துலயே வச்சேன், மொறுமொறுன்னு அழகா காஞ்சுது, ராத்திரி பால்ல கலந்து வச்சா காலைல பால் பாலாவே இருக்கு!

நல்லா உறைஞ்சு லேசா புளிப்பு ஏறின தயிரா எடுங்க, ஏன்னா வளர்ந்து முடிச்ச பாக்டீரியாதான் காயுறதை தாங்கும், அரைகுறையா உறைஞ்சதுல இருக்கிறது சீக்கிரம் போயிடும். வெள்ளைத் துணியில கட்டித் தொங்கவிட்டு தண்ணி வடிஞ்சதும் பட்டர் பேப்பர்ல மெல்லிசா தடவி, மேல வலைத்துணி போட்டு ஃபேனுக்கு கீழ வைங்க. ஒருநாள், ஒன்றரை நாள்ல உடைச்சா டப்புனு உடையும். பூசணம் தெரிஞ்சா, நாத்தம் வந்தா யோசிக்காம கொட்டிடுங்க, மழைக்காலத்துல இது அடிக்கடி நடக்கும்.

ஈரமில்லாத மிக்சியில பொடிச்சு, ஒருதடவைக்கு ஒண்ணுன்னு சின்னச் சின்ன பாக்கெட்டா கட்டி, சிலிக்கா ஜெல்லோட கண்ணாடி பாட்டில்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க. அலமாரியில சும்மா வச்சா ஈரம், காத்து, சூடு மூணும் சேர்ந்து கொன்னுடும். எடின்பரோ யூனிவர்சிட்டியில 2014ல பாக்டீரியாவை காய வச்சு கண்ணாடிக் குப்பியில சீல் பண்ணி 2514 வரைக்கும் உயிரோட இருக்கான்னு பாத்துட்டு இருக்காங்க, அதுல ஒண்ணு பேசில்லஸ் சப்டிலிஸ், அது ஸ்போர்னு கெட்டி ஓடு கட்டிக்கும். நம்ம தயிர் பாக்டீரியாவுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது.

பாட்டிலை ஃப்ரீசர்ல இருந்து எடுத்ததும் தொறக்காதீங்க, உள்ள வேர்த்துடும். குளிர் விட்டதும் ஒரு பாக்கெட் எடுத்து கால் டம்ளர் வெதுவெதுப்பான பால்ல, விரல் விட்டா சுடாத சூட்டுல, கரைச்சு மூடி வைங்க. 12 மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும். முதல் தயிர் கொழகொழன்னு புளிப்பே இல்லாம வரும், புளிப்பு குடுக்கிற லாக்டோபேசில்லஸ்தான் காயுறதுல அதிகம் சாகும். அதுலேர்ந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு ஊத்துங்க, ரெண்டாவது இல்லன்னா மூணாவது தடவைல கெட்டித் தயிர்.

வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா, பால் பொருளுக்கு சில நாட்ல தடை இருக்கு, முன்னாடியே பாத்துக்கோங்க.