திருகோணமலையில் சில மாதங்கள் தங்குவோருக்கு: வீட்டுக்கு எந்த இணைய லைன்?

ஓரிரு வாரம் வந்து போகிறவருக்குக் கைப்பேசி டேட்டாவே போதும். ஆனால் பெற்றோருடன் சில மாதங்கள் இருந்து, இங்கிருந்தே கனடா அலுவலக வேலையையும் பார்க்க எண்ணுபவர்கள் கம்பிவழி இணைப்பு எடுப்பதே நல்லது. அங்கே கோடைகாலமாயின், ரொறன்ரோவின் காலை 9 மணி இங்கு மாலை 6.30, ஊரே இணையத்தில் இறங்கும் நேரத்தில்தான் உங்கள் வேலை தொடங்கும்.

ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் பழைய தொலைபேசிக் கம்பி வீட்டில் ஏற்கெனவே இருந்தால், அதிலேயே இணையம் எடுக்கலாமே என்று வீட்டார் சொல்லக்கூடும். அந்தச் செப்புக் கம்பியில் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும்; கடற்காற்றின் உப்பால் மூட்டுகளில் களிம்பு பிடித்து, வாடைக்காற்று மழை தொடங்கியதும் லைன் அடிக்கடி அறுபடும். ஆகவே ஃபைபர், அதாவது கண்ணாடி இழைவழி இணைப்பு, கிடைக்குமாயின் அதையே எடுங்கள். நகருக்குள் கிடைப்பது நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரே ஒழுங்கையிலும், அருகிலுள்ள கம்பத்துப் பெட்டியில் இடம் மீதி இல்லாவிட்டால் காத்திருக்க நேரும். பயணச்சீட்டு எடுத்த கையோடு, வீட்டிலிருப்பவரைக் கொண்டு ரெலிகொம்மின் வாடிக்கையாளர் சேவை எண்ணான 1212 இல் விசாரியுங்கள். துண்டுப் பிரசுரத்திலுள்ள வேகத்தைவிட, பக்கத்து வீட்டார் இரவு 9 மணிக்குப் பெறும் வேகமே நம்பத்தக்கது. அதையும் வைஃபையில் அல்லாது, ரூட்டரில் வயரைச் செருகி அளக்கச் சொல்லுங்கள்.

இணைப்பை ஊரிலேயே இருக்கும் ஒருவரின் தேசிய அடையாள அட்டையில் எடுப்பது வசதி. ஒப்பந்தத்தின் குறைந்தபட்சக் காலத்தையும், மாத டேட்டா முடிந்தபின் வேகம் என்னவாகும் என்பதையும் கையொப்பமிட முன்னரே கேளுங்கள்.

ஃபைபர் வந்தாலும் மின்சாரம் போனால் ரூட்டர் அணைந்துவிடும். அதன் அடியில் ஒட்டியுள்ள வோல்ற் அளவைப் பார்த்து, பொருத்தமான சிறிய யுபிஎஸ் (மின்சாரம் போனாலும் மின்கலத்தில் ஓட்டும் கருவி) ஒன்றை வாங்கி வையுங்கள்.

நிறுவ வருபவர் வளவுக்குள் கேபிளை இழுக்கும்போது கூடவே நில்லுங்கள். தென்னோலை விழும் பாதையைத் தவிர்ப்பதும், சுவருக்குள் நுழையுமிடத்தில் கேபிளை மடக்காமல் அகலமாக வளைக்கச் செய்வதும் உங்கள் பொறுப்பு. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ரூட்டரில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதியுள்ள சிவப்பு விளக்கையும் வீட்டாருக்குக் காட்டி வையுங்கள். அது எரிந்தாலோ மின்னினாலோ ஒளிச்சமிக்ஞை வரவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை, 1212 க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.