அடுக்குமாடி நெரிசலைப் படமெடுப்பது எப்படி?

உயரமான கட்டடம் என்றதும் அதன் காலடியில் போய் நின்று அண்ணாந்து எடுக்கத்தான் கை போகும். நானும் ஒரு வருடம் அப்படித்தான் எடுத்துத் தள்ளினேன். கட்டடங்கள் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வந்தனவே தவிர, நகரம் நெருக்கியடித்து வளர்வது ஒரு படத்திலும் தெரியவில்லை.

படி 1: தள்ளிப் போங்கள்

நெரிசலைக் காட்டுவது தூரம்தான். பக்கத்தில் நின்றால் முன்னால் இருக்கும் கட்டடம் பூதாகரமாகவும் பின்னால் இருப்பது பொடிசாகவும் தெரியும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் குறைந்து, ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். ஜூம் லென்ஸ்தான் அப்படி நெருக்குகிறது என்று பலர் சொல்வார்கள், 200 மி.மீ. லென்ஸ் செய்வதெல்லாம் அந்தத் துண்டை மட்டும் வெட்டிக் காட்டுவதுதான். பாலம், குன்று, ஆற்றின் மறுகரை எல்லாம் நல்ல இடங்கள். மொட்டைமாடி என்றால் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

படி 2: வானத்தை விட்டுவிடுங்கள்

வானமும் தரையும் இல்லாமல் ஜன்னல், பால்கனி மட்டும் படம் முழுக்க நிறையட்டும். கட்டடம் எங்கே முடிகிறது என்று தெரியாதபோதுதான் கூட்டம் உறைக்கும். கொடியில் காயும் ஒரு துணி போதும், அளவு புரிந்துவிடும். வீட்டுக்குள் இருப்பவர் முகம் தெரியும்படி மட்டும் எடுக்காதீர்கள்.

படி 3: கேமராவை மட்டமாகப் பிடியுங்கள்

மேல்நோக்கிச் சாய்த்தால் நேர்க்கோடுகள் உச்சியில் குவியும். நின்று எடுக்க எதிர்க் கட்டடத்தின் நடு மாடி கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் எடிட்டிங்கில் நிமிர்த்தலாம். அப்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

படி 4: அந்தி நேரம்

சூரியன் மறைந்து 20 நிமிடம் போல ஆனதும் வீட்டு விளக்குகளும் வெளி வெளிச்சமும் சமமாக வரும். டிரைபாட் (முக்காலி), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, கை பட்டு ஆடாமலிருக்க 2 வினாடி டைமர். ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும். மழை விட்ட மறுநாள் தூசு அடங்கி, தூரத்து மாடிகளும் துல்லியமாக இருக்கும். மொபைல் என்றால் டிஜிட்டல் ஜூம் வேண்டாம், தூரத்தை எட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அது மட்டும்.

படி 5: திரும்பப் போங்கள்

வளர்ச்சியைக் காட்ட ஒரு படம் போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே ஜூமில் எடுங்கள். எளிதில் மாறாத ஒரு கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ படத்தின் மூலையில் இருக்கட்டும். அப்புறம், நின்ற இடத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, பழைய படத்தை மொபைலில் வைத்துக்கொண்டு பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் அரை மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தேன்.