வலை எந்தப் பக்கம் இழுபடும்? கடல்சுழலைப் படத்தில் பார்ப்பது எப்படி

கடலூர் சிங்காரத்தோப்பில் என் அண்ணன் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறார். போன பங்குனியில் ஒருநாள் ராத்திரி வலை விட்டுக் காத்திருந்தவர், விடிந்து பார்த்தால் மேற்கே புதுச்சேரி கலங்கரை விளக்கம்! வலையும் படகும் சேர்ந்தே வடக்கே போயிருந்தன. திரும்பி வரவே டீசல் தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கிளம்புமுன் நான் போனில் படம் பார்த்துச் சொல்கிறேன்.

நம் கரையோரம் ஒரு பெரிய நீரோட்டம் உண்டு. மாசி, பங்குனியில் வடக்கே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திரும்பும். இதோடு, நடுக்கடலிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலச் சுழல்கள் மெல்ல மேற்கே நகர்ந்து வந்து மோதும். ஓட்டம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த மோதலில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் கடல்சேவைத் தளத்தில், செயற்கைக்கோள் அளந்த கடல்மட்ட உயர வேறுபாட்டுப் படம் இலவசமாகக் கிடைக்கும். அதில் சிவப்பு என்றால் கடல்மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்த மேடு, நீலம் என்றால் தாழ்ந்த பள்ளம். பூமி சுற்றுவதால், பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் நம் பக்கத்தில் தண்ணீர் எப்போதும் மேட்டை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே ஓடும். இது ஒன்றை மனதில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும்.

கடலூருக்குக் கிழக்கே சிவப்பு வட்டம் இருந்தால் அதன் கரைப்பக்கத் தண்ணீர் வடக்கே ஓடும். பங்குனியில் அது நீரோட்டத்தோடு கைகோத்துக்கொள்ளும். அண்ணனை இழுத்தது அதுதான் என்று நினைக்கிறேன். நீல வட்டமானால் கரைப்பக்கம் தெற்கே ஓடும். பங்குனியில் ஓட்டத்தைத் தடுக்கும், கார்த்திகையில் வேகம் கூட்டும்.

இரண்டும் அடுத்தடுத்து நின்றால் நடுவில் உற்றுப் பாருங்கள். வடக்கே சிவப்பு, தெற்கே நீலம் என்றால் இடையில் தண்ணீர் கரையை நோக்கி வரும். மாறி இருந்தால் கரையோரத் தண்ணீரே பிய்ந்து ஆழ்கடலுக்குப் போகும். அந்த இடத்தில் வலை விடாதீர்கள் என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் படம் போதாது. ஐந்தாறு நாள் படங்களை வரிசையாகப் பார்த்தால்தான் சுழல் கிட்டே வருகிறதா, தேய்கிறதா என்று தெரியும். கரையை ஒட்டிச் செயற்கைக்கோள் அளவு அவ்வளவு சரியாக இருக்காது. அங்கே ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் நீரோட்ட முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் இடத்துக்குப் போனதும், காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து எஞ்சினை அணைத்துவிட்டு ஜிபிஎஸ்ஸில் பத்து நிமிடம் கவனியுங்கள். படகு முந்நூறு மீட்டர் வடக்கே போயிருந்தால் மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். ராத்திரி முழுக்க எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்குத் தெற்கே தள்ளி வலையை இறக்குங்கள்.